கறுப்பாத் தெரியறதெல்லாம் கட்டி இல்லை!

ஸ்கேன் சென்டர் வாசல். கையில் ஒரு பெரிய கவர். அப்பாவுக்கு எடுத்த ‘பெட் ஸ்கேன்’ ரிசல்ட் அதுக்குள்ளேதான் இருக்கு. ‘‘டாக்டர்கிட்ட அப்படியே குடுத்துடுங்க’’னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா, பஸ் வர்ற வரைக்கும் கை சும்மா இருக்குமா? கவரைப் பிரிச்சு, ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிக்கறீங்க.

பகீர்!

வெள்ளைப் பின்னணியில் ஒரு மனித உருவம். தலை முழுக்கக் கன்னங்கரேல். நெஞ்சுக்கு நடுவில், கொஞ்சம் இடது பக்கமா ஒரு கறுப்பு வளையம். விலாவுக்குக் கீழே ரெண்டு பக்கமும் ரெண்டு கறுப்புத் திட்டு. அடிவயித்துல எலுமிச்சம்பழ சைஸில் ஒரு உருண்டை. ‘கேன்சர் இருந்தா கறுப்பாத் தெரியுமாம்ல...’ என்று காலையில் பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னது அப்போ பார்த்துதான் ஞாபகத்துக்கு வரும். கரெக்டா அந்த நேரத்துல அம்மாவிடமிருந்து போன். ‘‘என்ன போட்டிருக்கு?’’

வாய் வராது இல்லையா?

கொஞ்சம் மூச்சை இழுத்து விடுங்க. நீங்கள் பார்த்த அந்த நாலு கறுப்பும் என்ன தெரியுமா? மூளை, இதயம், ரெண்டு சிறுநீரகம், சிறுநீர்ப்பை. இந்த வகை ஸ்கேனில் அவை கறுப்பாகத் தெரிவது ரொம்ப சகஜம். இதயம் மட்டும் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. அதுவும் நார்மல்தான்!

அணு மருத்துவம் படிக்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம் இதுதான். நோயைத் தேடும் முன்னால், நார்மல் எப்படி இருக்கும் என்பதை மனப்பாடம் பண்ணு. கேட்க சப்பையா இருக்கா? இந்தப் பாடத்தில் கோட்டை விட்டால், நல்லா இருக்கிறவரை நோயாளி ஆக்கிவிடலாம். நோயாளியை ‘ஒண்ணுமில்ல, போங்க’ என்று வீட்டுக்கும் அனுப்பிவிடலாம். ரெண்டுமே விபரீதம்.

மெஸ் சாப்பாட்டில் பிறந்த சந்தேகம்

ஹாஸ்டல்வாசிகளே, இது உங்க கதை. 1911-ம் வருஷம். ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெஸி என்ற இளைஞர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் ஆராய்ச்சி செய்ய வந்து சேர்கிறார். தங்கியிருந்த இடத்தில் சாப்பாடு போட்ட அம்மணி மேல் அவருக்கு ஒரு டவுட். மிச்சம் மீதியை மறுபடி வேற ரூபத்தில் பரிமாறுறாங்களோ? கேட்டால், ‘‘சேச்சே, எல்லாமே ஃப்ரெஷ்’’ என்று பதில். ஹெவெஸி என்ன செய்தார்? தட்டில் மிச்சம் வைத்த உணவில் துளியூண்டு கதிரியக்கப் பொருளைத் தூவி வைத்தார். சில நாள் கழித்து வந்த புது டிஷ் பக்கத்தில் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைக் காட்ட... மாட்டிக்கொண்டது மெஸ்! அவரைப் பற்றி இன்றைக்கும் விரும்பிச் சொல்லப்படும் கதை இது. (நீங்க உங்க மெஸ்ஸில் ட்ரை பண்ண வேண்டாம், ப்ளீஸ்.)

கதை ஜாலியா இருந்தாலும் ஐடியா சீரியஸ். ஒரு பொருள் எங்கே போகுது, எங்கே தங்குதுன்னு கண்டுபிடிக்கணுமா? அதில் கொஞ்சம் கதிரியக்கத்தை ஒட்டி அனுப்பு. தூரத்திலிருந்தே பின்தொடரலாம். 1923-ல் ஹெவெஸி இதே வித்தையைச் செடிகளிடம் காட்டினார். கதிரியக்க ஈயம் வேரிலிருந்து எங்கெங்கே ஏறுகிறது என்று பார்த்தார். இந்த ‘ட்ரேசர்’ முறைக்காகத்தான் 1943-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இன்றைய அணு மருத்துவ ஸ்கேன் எல்லாமே இதன் பேரப்பிள்ளைகள்தான். எக்ஸ்-ரேயில் மெஷினிலிருந்து கதிர் உடம்புக்குள் போகும். இங்கே உல்டா. ஊசி மூலம் ட்ரேசர் உள்ளே போகும். அது எங்கே சேருகிறதோ அங்கிருந்து கதிர் வெளியே வரும். கேமரா அதைப் பிடிக்கும். அதனால் இந்தப் படத்தில் தெரிவது உறுப்பின் வடிவத்தைவிட, அந்த உறுப்பு அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலை. வேலை நடக்கும் இடமெல்லாம் பளிச்!

இங்கேதான் சிக்கலும் ஆரம்பம். வேலை பார்ப்பது கேன்சர் மட்டுமா? உடம்பில் எல்லாருக்கும்தான் வேலை இருக்கு.

சர்க்கரைக்கு ஒரு டூப்

பெட் ஸ்கேனில் அதிகம் பயன்படும் ட்ரேசரின் பெயர் எஃப்.டி.ஜி. குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் ஒரு டூப். குளுக்கோஸ் மூலக்கூறின் ரெண்டாவது கார்பனில் இருக்கும் ஒரு ஹைட்ராக்ஸில் தொகுதியைக் கழற்றிவிட்டு, ஃப்ளோரின்-18-ஐ மாட்டியிருப்பார்கள். செல்லுக்கு வித்தியாசம் தெரியாது. ‘வா வா’ என்று கதவைத் திறந்து உள்ளே விடும். ஹெக்ஸோகைனேஸ் என்ஸைம் வந்து வழக்கம்போல ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அதற்கு அடுத்த ஸ்டெப்பில்தான் குட்டு வெளிப்படும். டூப் என்பதால் மேற்கொண்டு வேதிமாற்றம் நடக்காது. வெளியேயும் போக முடியாது. செல்லுக்குள்ளேயே லாக்!

ஃப்ளோரின்-18 சிதையும்போது ஒரு பாஸிட்ரான் வெளிவரும். அது பக்கத்திலேயே ஓர் எலெக்ட்ரானைச் சந்திக்கும். ரெண்டும் அழிந்து, நேர் எதிர்த் திசைகளில் ரெண்டு காமா கதிர்கள் பறக்கும். சுற்றிலும் வளையமாக இருக்கும் டிடெக்டர்கள் அந்த ஜோடியை ஒரே நேரத்தில் பிடித்து, எந்தக் கோட்டிலிருந்து கிளம்பியது என்று கணக்குப் போடும். ஃபிஸிக்ஸ் கிளாஸில் தூங்கினவர்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கவும்!

இந்த ஃப்ளோரினின் அரை ஆயுள் சுமார் 110 நிமிஷம்தான். ஐஸ்க்ரீம் மாதிரி, கையில் வாங்கினதும் கரைய ஆரம்பித்துவிடும். 1976 ஆகஸ்ட்டில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு எஃப்.டி.ஜி. செலுத்தப்பட்டது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். மருந்து தயாரானது வேறு ஊரில், ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில். தயாரித்த கையோடு ஓடித்தான் ஆக வேண்டியிருந்தது. இந்தியாவில் முதல் பெட் ஸ்கேனர் 2002-ல் மும்பையில், கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் இயங்க ஆரம்பித்தது.

தலை முதல் கால் வரை... அட்டெண்டன்ஸ்!

இப்போ அப்பாவோட ஃபிலிமை மறுபடி எடுங்க. ஒவ்வொருத்தரா ‘உள்ளேன் ஐயா’ சொல்லட்டும்.

மூளை: நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால், உடம்பு செலவழிக்கும் குளுக்கோஸில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இதுவே சாப்பிடும். நீங்க கிளாஸில் எதுவும் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சாப்பிடும்! ஸோ, எஃப்.டி.ஜி. ஸ்கேனில் மூளை எப்பவும் கறுப்பு.

தொண்டை: டான்சில் இருக்கும் இடமும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் லேசாகத் தெரியலாம். ஊசி போட்டபின் வளவளன்னு பேசினால் குரல்நாண் தசைகளும் சேர்ந்துகொள்ளும்.

இதயம்: மூடு அவுட் பார்ட்டி. கொழுப்பு, சர்க்கரை ரெண்டையும் எரிக்கும். வெறும் வயிற்றில் பெரும்பாலும் கொழுப்புப் பக்கம் சாயும். அதனால் சிலருக்குப் பளிச், சிலருக்கு மங்கல், சிலருக்குப் பாதி வளையம்.

கல்லீரல், மண்ணீரல்: மிதமான சாம்பல் நிறம். கல்லீரல் வழக்கமாகக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

குடல்: கணிக்கவே முடியாது. பாம்பு மாதிரி நீள நீளமாகத் தெரியலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ரொம்பவே தூக்கலாகத் தெரியும்.

சிறுநீரகம், சிறுநீர்ப்பை: இதில் ஒரு குட்டி சுவாரஸ்யம். நிஜ குளுக்கோஸைச் சிறுநீரகம் வெளியே விடாது, வடிகட்டினதையும் மறுபடி உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். டூப்பை மட்டும் அடையாளம் கண்டு, ‘நீ கிளம்பு ராஜா’ என்று பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் அத்தனை கறுப்பு. நடுவில் சிறுநீர் இறங்கி வரும் மெல்லிய குழாயில் ஒரு துளி தேங்கி நின்றால், அது குட்டிப் புள்ளியாகத் தெரியும். பழகாத கண்ணுக்கு அது நிணநீர் முடிச்சு மாதிரியே இருக்கும்!

இதோடு உங்க வயசுக்கென்று சில ஸ்பெஷல்கள் உண்டு. சின்ன வயசில் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி தெரியும். பெண்களுக்கு மாதவிடாய் சுழற்சியின் சில நாட்களில் கருப்பையும் சினைப்பையும் தெரியும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு மார்பகம் தெரியும். எதுவும் நோய் இல்லை. உடம்பு தன் வேலையைப் பார்க்குது, அவ்வளவுதான்.

சுவிங்கம் போட்டா ஸ்கேன் காலி!

பெட் ஸ்கேனுக்குப் போனவர்கள் ஒரு புகார் சொல்வார்கள். ‘‘ஊசியைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் சும்மா படுக்க வெச்சுட்டாங்கப்பா. பேசக் கூடாதாம், செல்போன் நோண்டக் கூடாதாம், போர்வை வேற.’’

காரணம் இல்லாமலா? அந்த ஒரு மணி நேரத்தில்தான் எஃப்.டி.ஜி. செல்களுக்குள் குடியேறுகிறது. அப்போ எந்தத் தசைக்கு வேலை கொடுத்தாலும் அது சர்க்கரையை இழுக்கும். சுவிங்கம் மென்றால் தாடைத் தசை கறுக்கும். அதற்கு முந்தின நாள் ஜிம்மில் தண்டால் எடுத்தால் தோளும் நெஞ்சும் கறுக்கும். ஸ்கேனுக்கு முன்னால் ‘ஒரே ஒரு இட்லி’ என்று சாப்பிட்டால்? இன்சுலின் கிளம்பி, இருக்கிற எஃப்.டி.ஜி.யை எல்லாம் தசைகளுக்குள் தள்ளிவிடும். உடம்பு முழுக்கத் தசை கறுத்து, தேட வேண்டிய கட்டிக்கு மிச்சமே இருக்காது. அதனால்தான் குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம் பட்டினி. தண்ணீர் மட்டும் ஓகே.

போர்வை எதுக்கு? அது இன்னும் சூப்பர் கதை. சிலருக்குக் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. நிணநீர் முடிச்சுகள் இருக்கும் ஏரியா ஆச்சே! டாக்டர்கள் குழம்பிப்போனார்கள். முதலில் தசை இறுக்கம் என்றுதான் நினைத்தார்கள். பெட் படத்தையும் சி.டி. படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் இருந்தது கட்டியும் இல்லை, தசையும் இல்லை. வெறும் கொழுப்பு!

அதுதான் பழுப்புக் கொழுப்பு. குளிரும்போது சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து உடம்பைச் சூடாக்கும் ஸ்பெஷல் கொழுப்பு. கைக்குழந்தைகளிடம் நிறைய இருக்கும், வளர்ந்தபின் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும் என்றுதான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் ஒரே மருத்துவ இதழில் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அடித்துச் சொன்னார்கள்: பெரியவர்களிடமும் அது உயிரோடு வேலை பார்க்கிறது. ‘நார்மல்’ என்ற பட்டியலில் இப்படிப் புதுசு புதுசாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். இதுவே 2021-லும் நடந்தது. கொரோனா தடுப்பூசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் நெறி கட்டி, பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக ஸ்கேனுக்கு வந்த பெண்ணுக்கு அந்தப் புள்ளி எவ்வளவு பெரிய அதிர்ச்சி தரும், யோசியுங்க. ‘எந்தக் கையில், எப்போ ஊசி போட்டீங்க?’ என்ற ஒரே கேள்வி அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டது.

ட்ரேசர் மாறினா நார்மலும் மாறும்

ஒரு பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டா பாஸ் ஆயிடலாம்னு நினைச்சீங்களா? ஸாரி. எஃப்.டி.ஜி.க்கு ஒரு நார்மல். மற்ற ஒவ்வொரு ட்ரேசருக்கும் வேற வேற நார்மல்.

எலும்பு ஸ்கேனை எடுத்துக்கோங்க. இதில் டெக்னீஷியம்-99எம் என்ற ஐசோடோப்பை எம்.டி.பி. என்ற பொருளோடு சேர்த்து ஊசி போடுவார்கள். அரை ஆயுள் 6 மணி நேரம். ஆஸ்பத்திரியிலேயே ஒரு சின்ன ஜெனரேட்டரில் மாலிப்டினம்-99 இருக்கும். அது சிதையச் சிதைய டெக்னீஷியம் ஊறும். காலையில் வந்து கறந்துகொள்ளலாம். அதனால் இந்தத் துறையில் அதற்குச் செல்லப்பெயரே ‘பசு மாடு’!

இந்த ட்ரேசர், புது எலும்பு உருவாகும் இடத்தில் போய் ஒட்டும். நார்மல் படத்தில் இடது வலது ரெண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்துப்போகும். வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால், தோள் பக்கத்து வளர்ச்சித் தட்டுகள் ஜெகஜோதியாக எரியும். அதே வெளிச்சம் அறுபது வயசுக்காரர் முழங்காலில் தெரிந்தால் மூட்டுத் தேய்மானமா என்று யோசிக்கணும். வலது கைப்பழக்கம் உள்ளவருக்கு வலது தோள் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். அடுத்தடுத்த நாலு விலா எலும்பில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வரிசையாகப் புள்ளிகள் இருந்தால், பைக்கிலிருந்து விழுந்தீங்களா என்று கேட்கத் தோணும். கேன்சர் அப்படி வரிசையில் நிற்காது.

எலும்பு ஸ்கேனில் தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரிந்தால்? பெரும்பாலும் கோளாறு நோயாளியிடம் இல்லை, மருந்தில்! டெக்னீஷியம் சரியாக ஒட்டாமல் தனியாகச் சுற்றினால், அது தனக்குப் பிடித்த தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவே தைராய்டு ஸ்கேன் என்றால் அந்த மூன்றும் தெரிவதுதான் நார்மல். பாருங்க, ஒரே படம், ஒரு இடத்தில் பாஸ், இன்னொரு இடத்தில் ஃபெயில்.

நியூரோ எண்டோக்ரைன் கட்டிகளைத் தேடும் கேலியம்-68 டோட்டாடேட் ஸ்கேனில் மூளை வெளிறிக் கிடக்கும். மண்ணீரல்தான் ஹீரோ, அத்தனை கறுப்பு. கணையத்தின் தலைப்பகுதியில் நார்மலாகவே ஒரு திட்டு தெரியும். அதைக் கட்டி என்று நினைத்தால் தேவையில்லாத கத்தி வரைக்கும் போகலாம். புராஸ்டேட் கேன்சருக்கான பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேனில் கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் கறுத்து, படத்தில் இருப்பவர் கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி இருப்பார். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு முடிச்சுகளும் இதில் தெரியும். நிணநீர் முடிச்சில் பரவிய கேன்சர் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். நரம்பு முடிச்சு பட்டையாக, நீண்டு இருக்கும். இந்த வடிவ வித்தியாசம் தெரியாமல் போனால், பரவாத கேன்சரைப் ‘பரவிவிட்டது’ என்று எழுதிவிடலாம். ஆபரேஷனில் குணமாக வேண்டியவரின் சிகிச்சையே மாறிப்போகும்.

ரொம்ப அழகா இருக்கா? ஜாக்கிரதை!

இதுவரை நார்மலைப் பார்த்துப் பயப்படாதீங்கன்னு சொன்னேன். இப்போ ரிவர்ஸ் கியர்.

எலும்பு ஸ்கேனில் சில படங்கள் செம க்ளீனாக இருக்கும். எல்லா எலும்பும் ஒரே சீராக, பளபளன்னு, தனியா ஒரு புள்ளிகூட இல்லாமல். புதுசாகப் படிக்கிறவர் ‘சூப்பர் ஸ்கேன்’ என்று எழுதத் தயாராவார். அனுபவசாலி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘‘சிறுநீரகம் எங்கே?’’

நார்மலாக எம்.டி.பி.யில் கணிசமான பகுதி சிறுநீரில் போகும். அதனால் சிறுநீரகம் தெரிந்தே ஆகணும். அது தெரியவில்லை என்றால், அத்தனை ட்ரேசரையும் எலும்புகளே இழுத்துக்கொண்டன என்று அர்த்தம். ஒருவேளை எலும்பு முழுக்க கேன்சர் பரவியிருக்கலாம், அல்லது எலும்பு முழுவதையும் பாதிக்கும் வேறு கோளாறாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருத்துவப் பெயரும் ‘சூப்பர் ஸ்கேன்’தான்! அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வந்தவனை மட்டும் பார்த்தால் போதாது, வராதவனையும் கவனிக்கணும்.

இன்னொரு துப்பறியும் கேஸ். எஃப்.டி.ஜி. ஸ்கேனில் வலது பக்கக் குரல்நாண் மட்டும் கறுப்பு. அங்கே கட்டியா? அவசரப்படாதீங்க. இடது பக்கம் ஏன் அமைதியாக இருக்கு? இடது குரல்நாணுக்குப் போகும் நரம்பு, நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். நுரையீரல் கட்டி ஒன்று அங்கே அந்த நரம்பை அழுத்தினால், இடது குரல்நாண் படுத்துவிடும். வலது பக்கம் ரெண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். ஆக, கறுப்பாத் தெரிந்தவன் அப்பாவி. அமைதியாக இருக்கும் பக்கம்தான் பாதிக்கப்பட்டது. குற்றவாளியோ கழுத்திலேயே இல்லை!

நார்மல் கறுப்புக்குப் பின்னால் நோய் ஒளிந்துகொள்வதும் உண்டு. ஏற்கெனவே கறுத்திருக்கும் மூளையில் சின்னக் கட்டி இருந்தால் எஃப்.டி.ஜி.யில் தெரியாமல் போகலாம். அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். சிறுநீர்ப்பையிலும் அதே கதை.

கடைசியா ஒரு ட்விஸ்ட். நார்மலே அளவுகோலாகவும் மாறும். லிம்ஃபோமா என்ற கேன்சரில் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க, மிச்சமிருக்கும் கட்டியை நோயாளியின் சொந்தக் கல்லீரலோடும், நெஞ்சுக்கு நடுவே பெரிய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தத்தோடும் ஒப்பிடுவார்கள். பிரான்ஸின் டோவில் நகரில் 2009-ல் நடந்த கூட்டத்தில் உருவான இந்த முறையில் 1 முதல் 5 வரை மார்க். கல்லீரலைவிட மங்கலாக இருந்தால் பொதுவாக நல்ல செய்தி. ரொம்ப கறுத்திருந்தால் மார்க் 5, இந்தப் பரீட்சையில் அதிக மார்க் எடுத்தால் கஷ்டம்! மிச்சமுள்ள கீமோவைக் குறைக்கலாமா, கூட்டலாமா என்ற முடிவில் அந்த மார்க்குக்கும் பங்கு இருக்கிறது.

கேள்வி ஏழு... கண்டுபிடி!

ஒரு புள்ளியைப் பார்த்ததும் அணு மருத்துவ டாக்டர் மனசுக்குள் ஓடும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான்:

1. எந்த ட்ரேசர்? அது வழக்கமாக எங்கெல்லாம் போகும்?

2. ஊசி போட்டு எத்தனை நேரம் கழித்து எடுத்த படம்?

3. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா, ஒரு பக்கம் மட்டுமா?

4. வடிவம் என்ன? உருண்டையா, கோடா, பட்டையா?

5. சி.டி. படத்தில் அதே இடத்தில் என்ன இருக்கு?

6. நோயாளி என்ன செய்தார்? சாப்பாடு, மாத்திரை, உடற்பயிற்சி, தடுப்பூசி, சமீபத்திய ஆபரேஷன், கீழே விழுந்த காயம்?

7. பழைய ஸ்கேன் இருக்கா? இருந்தால் அதில் இது இருந்ததா?

ஆறாவது கேள்வியைக் கவனிச்சீங்களா? அதற்குப் பதில் மெஷினிடம் இல்லை. நோயாளியிடமும், கூடப் போகும் உங்களிடமும்தான் இருக்கு. டெக்னாலஜிஸ்ட் கொடுக்கும் படிவத்தை ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்று நினைத்து ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று டிக் அடிக்காதீங்க. அப்பா காலையில் ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டிருந்தால் உண்மையைச் சொல்லிடுங்க. மிஞ்சிப்போனா இன்னொரு நாள் வரச் சொல்வாங்க. தப்பான ரிப்போர்ட்டைவிட அது எவ்வளவோ மேல். மாத்திரையை நிறுத்தலாமா என்பதை மட்டும் நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டரைக் கேளுங்க. பழைய ஸ்கேன் சி.டி.யைப் பரணிலிருந்து தேடி எடுத்துக்கிட்டுப் போங்க. அந்த ஒரு தட்டு, பல பயங்களைத் தீர்க்கும்.

‘அட, இந்தப் படிப்பு இன்ட்ரஸ்டிங்கா இருக்கே’ன்னு தோணுதா? எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு அணு மருத்துவத்தில் எம்.டி. இருக்கு. டெக்னாலஜிஸ்ட் ஆக பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படிப்புகள் இருக்கு. கெமிஸ்ட்ரி பிரியர்களுக்கு ட்ரேசர் தயாரிக்கும் வேலை, ஃபிஸிக்ஸ் பிரியர்களுக்கு மெடிக்கல் ஃபிஸிக்ஸ். சேருவதற்கு முன், அந்தப் படிப்புக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் இருக்கான்னு செக் பண்ணிடுங்க. எந்தக் கதவு வழியா போனாலும் முதல் பாடம் ஒன்றுதான். நூற்றுக்கணக்கில் நார்மல் படங்களைப் பார்க்கணும். உங்க தெருவில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று தெரிந்தால்தானே, புதுசாக நிற்கும் வண்டி கண்ணில் படும்?

சரி, பஸ் ஸ்டாப்புக்கு வருவோம். கையில் இன்னமும் அந்த ஃபிலிம். தலை, நெஞ்சு, இடுப்பு, அடிவயிறு... நாலையும் பார்த்து பயந்தீங்களே, அந்தப் பயத்தில் நுரையீரல் ஓரத்தில் பட்டாணி சைஸில் ஒரு புள்ளி இருந்திருந்தால் கவனித்திருப்பீங்களா? கவனித்தாலும், அது பழைய காசநோயின் மிச்சமா, நிமோனியாவா, வேறெதாவதா என்று ஒரு ஃபிலிமை வெச்சு சொல்லிவிட முடியாது. தொற்றும் வீக்கமும்கூட சர்க்கரையை இழுக்கும். அந்த ஏழு கேள்விக்கும் விடை தேடி முடித்தவர்தான் சொல்லணும்.

ஃபிலிமைக் கவருக்குள் போடுங்க. போன் இன்னும் லைனில்தான் இருக்கு. அம்மாவுக்குப் பதில் சொல்லுங்க:

‘‘பெருசா தெரியறதெல்லாம் எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். மீதியை நாளைக்கு டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு. நானும் கூட வர்றேன்.’’